கிளிக்குக்குக் காசு போகிறது, ஆள் வரவில்லையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி கூகுள் தேடல் விளம்பரம் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. இந்த விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தாலும் உங்களுக்குச் செலவில்லை, யாராவது கிளிக் பண்ணினால்தான் காசு போகும். ஆகவே வேண்டிய ஆளைக் கூப்பிடுவது பாதி வேலை, வேண்டாத ஆள் கிளிக் பண்ணாமல் கடந்துபோகும்படி எழுதுவது மற்றப் பாதி.

கேள்வி: தம்பி, வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி விசேஷங்களுக்குச் சைவச் சமையல் செய்து கொடுக்கிறேன். 50 பேருக்குக் குறைந்த ஓடர் எடுப்பதில்லை. மகன் கூகுளில் விளம்பரம் போட்டுத் தந்தான். கிளிக் நிறைய வருகிறது, ஆனால் போன் எடுக்கிற ஆட்கள் எல்லாம் "ஒரு பார்சல் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். "தரமான உணவு, சிறந்த சேவை, நியாயமான விலை" என்று விளம்பரத்தில் இருக்கிறது. எதை மாற்றுவது? (வாசகி, கொழும்பு 06)

பதில்: அக்கா, அந்த மூன்று வரியையும் காலி வீதியில் இருக்கிற எந்தச் சாப்பாட்டுக் கடையும் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் யார், எதைச் செய்கிறீர்கள், எதைச் செய்வதில்லை என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. மத்தியானப் பசிக்குப் பார்சல் தேடுகிறவர் அதைப் பார்த்தால் தனக்கானது என்றுதான் நினைப்பார், அவர் மேல் பிழையில்லை.

உங்களிடம் ஓடர் தந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் போனில் முதலில் சொன்ன சொல் என்ன? "அந்தியேட்டிக்குச் சாப்பாடு வேணும்", "பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு 80 பேர்", "சைவம் மட்டும்தானே?" இப்படித்தான் கேட்டிருப்பார்கள். தேடும் பெட்டியிலும் ஏறக்குறைய அதையேதான் அடிக்கிறார்கள், பலர் ஆங்கில எழுத்தில். தான் அடித்த சொல்லையே தலைப்பில் பார்க்கிறவருக்குக் கண் அங்கே நிற்கும். ஆகவே தலைப்புகளை இப்படி மாற்றலாம்: "கொழும்பு 06 சைவச் சாப்பாடு", "அந்தியேட்டி, வீட்டு விசேஷம்", "50 பேருக்கு மேல் மட்டும்". கீழே விவரத்தில்: "சைவச் சமையல் மட்டும். குறைந்தது 50 பேர். வெள்ளவத்தை முதல் தெஹிவளை வரை கொண்டுவருவோம்." இவ்வளவுதான். "சிறந்த" என்ற சொல்லே வேண்டாம், அதை நீங்கள் சொல்லி யாரும் நம்பப்போவதில்லை, சாப்பிட்டவர்கள் சொல்ல வேண்டியது அது.

விலையையும் போடுங்கள். ஒருவருக்கு இத்தனை ரூபாவிலிருந்து என்று விவரத்தில் வந்துவிட்டால், அந்த விலைக்குத் தயாரில்லாதவர் உங்கள் காசில் கிளிக் பண்ண மாட்டார். விலை போட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று வியாபாரிகள் பயப்படுவது எனக்குத் தெரியும். அப்படி ஓடுகிறவர் போனில் விலை கேட்ட பிறகும் ஓடத்தான் போகிறார், அப்போது கிளிக் காசும் போயிருக்கும், உங்கள் நேரமும் போயிருக்கும். கிளிக் எண்ணிக்கை குறைவதைப் பார்த்து மகன் கவலைப்படுவார். அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை கிளிக்குக்கு ஒரு ஓடர் விழுகிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு.

மகனுக்கு இன்னொரு குறிப்பு. இப்போதைய தேடல் விளம்பரத்தில் 15 தலைப்புகள், 4 விவரங்கள் வரை கொடுக்கலாம், அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் அதிகபட்சம் 3 தலைப்பையும் 2 விவரத்தையும் கூகுளே பொறுக்கிச் சேர்த்துக் காட்டும். எது எதோடு சேரும் என்று உங்கள் கையில் இல்லை. ஆகவே ஒவ்வொரு தலைப்பும் தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும், இரண்டு தலைப்புகள் ஒரே விஷயத்தைச் சொல்லக் கூடாது. "50 பேருக்கு மேல் மட்டும்" என்ற நிபந்தனை எப்போதும் தெரிய வேண்டுமென்றால் அதை முதலாம் இடத்தில் பின் பண்ணி, அதாவது அங்கேயே நிலையாக நிறுத்தி, வைக்கலாம். அப்படிப் பின் பண்ணினால் விளம்பர வலிமை குறைகிறது என்று திரையில் ஒரு எச்சரிக்கை வரும். அந்த அளவுகோல் விளம்பரத்தின் இடத்தைத் தீர்மானிக்கிற ஏலத்தில் சேர்வதில்லை, உங்கள் வியாபாரத்துக்கு நிபந்தனைதான் முக்கியம் என்றால் பயப்படாமல் பின் பண்ணுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு 1,000 ரூபா என்று போட்டேன். ஒரு நாள் 1,800 போயிருக்கிறது. இது ஏமாற்றா? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: இல்லை. தேடல் கூடிய நாளில் நாள் பட்ஜெட்டின் இருமடங்கு வரை கூகுள் செலவழிக்கும், குறைந்த நாளில் குறைவாக எடுக்கும். மாதக் கணக்கில் பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டி உங்களிடம் அறவிடாது, அதாவது உங்களுக்கு 30,400 ரூபா. மாதத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று முதலில் முடிவு பண்ணி, அதை 30.4 ஆல் வகுத்து நாள் பட்ஜெட்டைப் போடுங்கள்.

கேள்வி: அண்ணா, தெஹிவளையில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன், தமிழ் மூலம். விளம்பரத்தைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? தமிழில் எழுதினால் இடம் போதாமல் போகிறது, நான்கு சொல்லுக்கே பெட்டி நிறைந்துவிடுகிறது. (ஆசிரியை, தெஹிவளை)

பதில்: இடம் போதாததற்குக் காரணம் இருக்கிறது தங்கச்சி. தலைப்புக்கு 30 எழுத்து, விவரத்துக்கு 90 எழுத்து என்பது எல்லை. ஆனால் நாம் எண்ணுவதுபோலக் கணினி தமிழை எண்ணாது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் அதற்குத் தனித்தனி. "கொழும்பு" நம் கண்ணுக்கு 4 எழுத்து, அதற்கு 8. அதனால் தமிழ்த் தலைப்பில் மூன்று நான்கு சொல்தான் வசதியாக நிற்கும், எழுதும்போதே அதை மனதில் வைத்து வினைச்சொல்லை விட்டுவிடுங்கள். "இணைந்த கணிதம் தமிழ் மூலம்" என்றால் 25, தாராளமாக நிற்கும். "இணைந்த கணிதத்தைத் தமிழில் இலகுவாகக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று போனால் வெளியே நின்றுவிடும், அதில் புதிதாகச் சொன்னதும் எதுவுமில்லை.

மொழி விஷயத்தில் என் அபிப்பிராயம் இது: தேடுகிறவர் எந்த மொழியில் அடித்தாரோ அந்த மொழியிலேயே பதில் சொல்லுங்கள். கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளில் கனபேர் பாடத்தின் பெயரை ஆங்கிலத்தில்தான் அடிக்கிறார்கள், கூடவே தமிழ் மூலம் என்பதையும் ஆங்கிலத்திலேயே சேர்த்து. பெற்றோர் சிலர் தமிழில் அடிக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுக் குழப்பாமல் இரண்டு ஆட் குரூப் (விளம்பரத் தொகுப்பு) செய்யுங்கள், ஆங்கிலக் கீவேர்டுகளுக்கு (எந்தத் தேடல் சொற்களுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுப்பவை) ஆங்கில விளம்பரம், தமிழ்க் கீவேர்டுகளுக்குத் தமிழ் விளம்பரம். ஆங்கில விளம்பரத்தில் தமிழ் மூலம் என்பது தலைப்பிலேயே வர வேண்டும், இல்லாவிட்டால் சிங்கள மூலப் பிள்ளையும் ஆங்கில மூலப் பிள்ளையும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள், காசு உங்களுடையது.

எந்த ஆண்டுப் பரீட்சைக்கான வகுப்பு, நேரடியா ஒன்லைனா, எந்தக் கிழமை என்பவைதான் பெற்றோர் முதலில் பார்க்கிற விஷயங்கள். அவற்றை எழுதுங்கள். விளம்பரத்துக்குக் கீழே சிறிய இணைப்புகளும் போடலாம், ஒவ்வொன்றுக்கும் 25 எழுத்து: "நேர அட்டவணை", "கட்டண விவரம்". கிளிக் செய்தால் திறக்கிற பக்கத்தில் அந்த விவரம் உண்மையில் இருக்க வேண்டும், உங்கள் குடும்பப் படங்களும் கலந்து கிடக்கிற ஃபேஸ்புக் பக்கத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஏசி திருத்துகிறேன். தேடினால் எனக்கு மேலே மூன்று கம்பனி நிற்குது. ஏலத்தொகையைக் கூட்டினால் மேலே போகலாமா? (வாசகர், கொழும்பு 13)

பதில்: போகலாம், ஆனால் ஏலத்தொகையை, அதாவது ஒரு கிளிக்குக்குக் கொடுக்கத் தயாரான தொகையை, கூட்டுவதைக் கடைசியாகச் செய்யுங்கள்.

1998இல் கோட்டூ என்ற தேடுதளம்தான் கிளிக்குக்குக் காசு என்ற முறையைப் பரவலாக்கியது, அங்கே அதிக தொகை கேட்டவருக்கே மேலிடம். கூகுள் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் விளம்பரம் தொடங்கியபோது கிளிக் கணக்கே இல்லை, எத்தனை தரம் காட்டினார்களோ அதற்குத்தான் காசு. 2002இல் கிளிக் ஏலத்துக்கு மாறினார்கள், அப்போதே ஏலத்தொகையோடு ஆட்கள் எந்த விளம்பரத்தைக் கிளிக் பண்ணுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான். விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, ஆட்கள் கிளிக் பண்ணுவார்களா, திறக்கிற பக்கம் உதவியாக இருக்கிறதா என்பதெல்லாம் ஏலத்தொகையோடு சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கும். எளிமையாகச் சொன்னால், ஒருவர் 150 ரூபா கேட்கிறார், நீங்கள் 100 கேட்கிறீர்கள், கூகுளின் கணிப்பில் உங்கள் விளம்பரம் அவருடையதைவிட இருமடங்கு நல்லது என்றால் நீங்கள்தான் மேலே. அதனால் எழுதுவதில் போடுகிற உழைப்பு நேரே பணமாகத் திரும்பி வருகிறது. சின்ன வியாபாரிகளுக்கு இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான், காசு கூட உள்ளவன் மட்டும் வெல்ல வேண்டும் என்று இல்லை.

உங்கள் கீவேர்ட் பட்டியலையும் பார்த்தேன். ஏசி விற்பனை, ஏசி விலை, ஏசி திருத்தம், ஏசி கழுவுதல், ஃபிரிஜ் திருத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே விளம்பரம் ஓடுகிறது. ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகுது என்று தேடுகிறவருக்கும் புது ஏசி வாங்க நினைக்கிறவருக்கும் ஒரே வசனம் எப்படிப் பொருந்தும்? விற்பனையை எடுத்துவிடுங்கள், நீங்கள் விற்பதில்லை. மற்றவற்றைப் பிரியுங்கள். ஒழுகுகிற ஏசிக்கு அதையே தலைப்பில் சொல்லுங்கள், வந்து பார்ப்பதற்கு எவ்வளவு எடுப்பீர்கள், எந்த ஏரியாவரை வருவீர்கள், இன்றைக்கே வருவீர்களா என்று எழுதுங்கள். "இன்றே வருவோம்" என்று எழுதினால் போக வேண்டும், ஏலாது என்றால் எழுதாதீர்கள். இரவு போன் எடுக்க ஆளில்லாவிட்டால் அந்த நேரத்துக்கு விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள், அட்டவணை போடுகிற வசதி உள்ளேயே இருக்கிறது.

இதெல்லாம் செய்தும் கீழேயே நின்றால் அப்போது ஏலத்தொகையைக் கூட்டுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக.

கேள்வி: "மலிவோ மலிவு!!!" என்று போட்டு எங்கள் போன் நம்பரையும் எழுதினேன், விளம்பரத்தை நிராகரித்துவிட்டார்கள். (புடவைக்கடைக்காரர், புறக்கோட்டை)

பதில்: தலைப்பில் ஆச்சரியக்குறி கூடாது, அடுக்கடுக்காக எங்கேயும் கூடாது. போன் நம்பரை வசனத்துக்குள் எழுதவும் விடமாட்டார்கள், அதற்கென்று அழைப்பு இணைப்பு என்ற தனி இடம் இருக்கிறது, அங்கே போடுங்கள். அப்புறம் "மலிவு" என்பதைவிட எந்தச் சேலை, என்ன விலையிலிருந்து என்று எழுதுவது நல்லது. மொத்த விற்பனை மட்டும் என்றால் அதையும் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: செட்டியார் தெருவில் எங்களுக்கு நகைக்கடை. கிளிக் குவிகிறது, கடைக்கு ஆள் வருவதில்லை. அறிக்கையில் பார்த்தால் கனடா, லண்டன் ஆட்களும் கிளிக் பண்ணியிருக்கிறார்கள். விளம்பர வசனம் உங்கள் பழைய பதில்களைப் பார்த்துத்தான் எழுதினேன். (வாசகர், கொழும்பு 11)

பதில்: நீங்கள் அனுப்பிய வசனம் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் கை வைக்க மாட்டேன். உங்களுடைய கோளாறு வேறு இடத்தில். கணக்குக்குள் தேடல் சொற்கள் என்ற அறிக்கை இருக்கிறது, நீங்கள் வாங்கிய கீவேர்டை அல்ல, ஆட்கள் உண்மையில் அடித்ததைக் காட்டுவது அது. அதில் மேலே நிற்பவை இன்றைய தங்க விலை, ஒரு பவுண் எவ்வளவு, அடகு வட்டி, நகைக்கடை வேலைவாய்ப்பு. விலை பார்க்கிற ஆள் விலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இவற்றை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் வரக் கூடாத சொல்லாக, சேருங்கள்: இன்றைய, அடகு, வட்டி, வேலைவாய்ப்பு. "விலை" என்ற சொல்லை மட்டும் தடுக்காதீர்கள், தாலிக்கொடி விலை என்று தேடுகிறவர் வாங்க வருகிறவர். ஒரே பொருளுள்ள வேறு சொல்லை நெகட்டிவ் தானாகத் தடுக்காது, ஆகவே தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது ஒன்று என்று எல்லாவற்றையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். இந்த வேலை ஒரு நாளில் முடியாது, கிழமைக்கு ஒருதரமாவது அந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

வெளிநாட்டுக் கிளிக்குக்குக் காரணம் இடத் தெரிவு. கொழும்பு என்று நீங்கள் தெரிவு செய்திருந்தாலும், வழக்கமாக அது கொழும்பில் இருப்பவர்களோடு கொழும்பில் அக்கறை காட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும். அமைப்புக்குள் போய் அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். கூடவே டிஸ்பிளே நெட்வேர்க் என்ற பெட்டியில் சரி அடையாளம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தேடல் காசு வேறு தளங்களிலும் போகும்.

ஆனால் கனடா, லண்டன் ஆட்களை முழுசாக வெட்டிவிடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஓகஸ்ட் லீவுக்கு வந்து கலியாணம் முடித்துப் போகிற குடும்பங்கள் செட்டியார் தெருவுக்கு வராமல் போவதில்லை, வருவதற்கு முன்பே அங்கிருந்து தேடியும் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன கெம்பெயின் (விளம்பர ஏற்பாடு), தனி பட்ஜெட்டில், மே ஜூன் மாதங்களில் ஓடட்டும். அதில் வசனம் வேறாக இருக்க வேண்டும்: முன்கூட்டி ஓடர் கொடுக்கலாமா, வாட்ஸ்அப்பில் டிசைன் பார்க்கலாமா, வந்திறங்கி எத்தனை நாளில் கையில் கிடைக்கும். உள்ளூர்க் கெம்பெயினை முதலில் சீராக்கிவிட்டு, ஒரு மாத அறிக்கையோடு எனக்கு எழுதுங்கள், அந்த வசனத்தைச் சேர்ந்து பார்ப்போம்.