அப்பா சொல்லாமல் விட்ட வரி

அன்புள்ள அம்மா,

உங்கள் எழுத்துகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எனக்கு வயது 34, மனைவியும் குழந்தைகளும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். விசுவாசத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றரை வருடமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றால் அலுவலக வேலையும் வீட்டுக் கடனும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. முன்பெல்லாம் ஜெபிக்கும்போது கண்ணீர் வரும். இப்போது எதுவும் வருவதில்லை. உணர்வில்லாமல் வாயால் மட்டும் ஜெபிப்பது மாய்மாலம் என்று பட்டதால் சில மாதங்களாக நிறுத்தியே விட்டேன். அந்த உணர்வு திரும்பி வந்ததும் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு கிறிஸ்தவன் தினமும் எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும்? காலையிலா, இரவிலா? முழங்காலில்தான் நிற்க வேண்டுமா? ஜெபத்தைப் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்டேன், புத்தகங்கள் படித்தேன், பயனில்லை.

ஆர்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் ஜெபத்தைப் பற்றி இயேசு பேசுகிற மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம், எந்த வேளை, முழங்காலா நாற்காலியா என்ற கேள்விகளை விட்டுவிடுவோம். வேதாகமத்தில் தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய நின்றாள். எசேக்கியா ராஜா நோயில் படுக்கையில் கிடந்தபடி சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று பேருடைய ஜெபமும் கேட்கப்பட்டது. உங்களுக்கு எது முடியுமோ அதைச் செய்யுங்கள். பிரசங்கம், புத்தகம் பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். ஜெபத்தைப் பற்றிக் கேட்பது ஜெபம் ஆகாது. அந்த நேரத்தில் பாதியை ஜெபத்துக்கே கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு வரி. “அந்த உணர்வு திரும்பி வந்ததும் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.” தம்பி, இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்: இது பணிவு போலத் தோன்றுகிற பிடிவாதம். உங்கள் மனம் உங்களுக்குப் பிடித்த நிலைக்கு வரும்வரை கடவுள் காத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்கு மாய்மாலம் என்ற வார்த்தையைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அந்த வார்த்தையை இயேசு எங்கே, எதற்காகச் சொன்னார் என்று பாருங்கள்.

ஜெபஆலயங்களிலும் வீதிகளின் சந்திகளிலும் மனுஷர் காணும்படியாக நின்று ஜெபிப்பவர்களைத்தான் அவர் மாயக்காரர் என்றார். அங்கே நிற்கிற கிரேக்கச் சொல் ‘ஹுப்போக்ரிட்டேஸ்’. மேடையில் நடிப்பவனுக்கு அந்த மொழியில் வழங்கிய பெயர் அது. நடிப்பவனுக்குப் பார்ப்பவர்கள் வேண்டும். பார்க்க ஆளில்லாத இடத்தில் நடிப்பு ஏது? அதனால்தான் அடுத்த வசனத்திலேயே அறைக்குள் போய்க் கதவைப் பூட்டு என்கிறார். உள்ளே போகும்போது மனம் உருகியிருக்க வேண்டும், கண் கலங்கியிருக்க வேண்டும் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு, வறண்ட மனத்தோடு, யாருக்கும் தெரியாமல் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவன் யாரை ஏமாற்றுகிறான்? இயேசு மாய்மாலம் என்றது எதுவோ, அதற்கு நேரெதிரானது அது. நீங்கள் நேரெதிரானதைப் பாவம் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றையும் அங்கே கவனியுங்கள். கதவைப் பூட்டச் சொன்னவர் அடுத்து வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்கிறார். அதற்கடுத்து, உன் மனத்தில் வருவதைச் சொல் என்று விட்டுவிடவில்லை. வார்த்தைகளைக் கையில் கொடுக்கிறார். “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்கும் அந்தக் கர்த்தருடைய ஜெபத்தில் நான் என்பதே கிடையாது. எங்கள் பிதா, எங்கள் ஆகாரம், எங்கள் கடன்கள் (குற்றங்களைத்தான் அங்கே கடன் என்கிறார்). தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டவன் ‘எங்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் ‘என்’, ‘எனக்கு’, ‘என்னால்’ என்றுதான் வருகிறது. துன்பத்தில் இருப்பவன் அப்படித்தான் எழுதுவான், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஜெபத்துக்குள் போனால் அது உங்களைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லும்.

இதை நான் வேதபாடப் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. என் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். தாத்தாவின் வீட்டைப் பிரிப்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பெரிய சண்டை. பெரியப்பா ஏதோ ஒரு தாளில் முன்பே கையெழுத்து வாங்கிவைத்திருந்தார். அப்பா ஏமாற்றப்பட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்றிலிருந்து பெரியப்பாவின் பெயரே எங்கள் வீட்டில் இல்லாமல் போனது.

எங்கள் வீட்டில் தினமும் இரவில் குடும்ப ஜெபம் உண்டு. அப்பா வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார். பிறகு எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சத்தமாகச் சொல்வோம். சண்டை நடந்த அன்றும் உட்கார்ந்தோம். “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” வரை அப்பாவின் குரல் கேட்டது. “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்ற இடத்தில் அந்தக் குரலைக் காணோம். தொண்டையில் ஏதோ என்று நினைத்தேன். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அந்த வரி வந்ததும் அம்மா தன் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வதைச் சில நாள் கழித்துத்தான் கவனித்தேன். அப்பாவின் இடம் காலியாகத் தெரியாமல் அம்மா நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். “அப்பாவால அந்த வரியை இன்னும் சொல்ல முடியலம்மா. அவரு சொல்ற வரைக்கும் நாம சொல்லிக்கிட்டு இருப்போம்” என்றார்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. ஈஸ்டர் வந்து போனது. அப்பா ஒரு நாள்கூட ஜெபத்துக்கு வராமல் இருந்ததில்லை. ஒரு நாளும் அந்த வரியைச் சொன்னதுமில்லை. பிறகு ஏதோ ஒரு சாதாரண இரவில், “எங்கள் கடனாளிகளுக்கு” என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டார். அம்மாவின் குரல் ஒரு கணம் தடுமாறியது. அந்த ஒற்றை வார்த்தையோடு இன்னும் பல வாரங்கள் போயின. கடைசியில் முழு வரியையும் சொன்ன இரவில் கண்ணீரெல்லாம் இல்லை. வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, பின்கதவைத் தாழ்போட்டாயா என்று என்னைக் கேட்டார், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெரியப்பா வீட்டுக்குத் தனியாகப் போனார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. வீடு திரும்பக் கிடைக்கவில்லை. பெரியப்பா அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அப்பாதான் மாதம் ஒருமுறை போய்வந்துகொண்டிருந்தார்.

உங்கள் கணக்கைப் பின்பற்றியிருந்தால் அப்பா என்ன செய்திருக்க வேண்டும்? மனத்தில் மன்னிப்பு இல்லை, ஜெபித்தால் மாய்மாலம், மன்னிக்கும் மனம் வந்த பிறகு வருகிறேன் என்று எழுந்து போயிருக்க வேண்டும். அந்த மனம் எங்கிருந்து வந்திருக்கும்? ஒவ்வொரு இரவும் அந்த வரி அவர் எதிரே வந்து உட்கார்ந்தது. அவர் பொய் சொல்லவுமில்லை, எழுந்து ஓடவுமில்லை. மலைப்பிரசங்கத்தில் அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் இயேசு அதில் ஒரே ஒரு விண்ணப்பத்தைத்தான் எடுத்து விளக்குகிறார், அதே ஆறாம் அதிகாரத்தின் பதினான்காம், பதினைந்தாம் வசனங்களில். ராஜ்யத்தையும் விளக்கவில்லை, ஆகாரத்தையும் விளக்கவில்லை. மன்னிப்பை மட்டும். அந்த இடத்தில்தான் நாம் நின்றுவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெபம் என்றால் உள்ளே இருப்பதை வெளியே கொட்டுவது மட்டும்தான் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. கொட்டுவதும் ஜெபம்தான், சங்கீதங்கள் முழுக்க அது இருக்கிறது. ஆனால் உள்ளே இன்னும் இல்லாத ஒன்றைச் சொல்லச் சொல்லி, அது உள்ளே வரும்வரை விடாமல் நம்மைப் பிடித்துவைப்பதும் ஜெபம்தான். தினமும் செய்தால்தான் அது நடக்கும். மனம் வரும்போது மட்டும் ஜெபிப்பவன் தனக்குப் பிடித்த வரிகளைத்தான் சொல்வான்.

மனம் அலைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அலையும். 1535-இல் ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் தமக்கு முடி திருத்தும் பீட்டர் என்பவருக்காக, எப்படி ஜெபிப்பது என்று ஒரு சிறு கைநூலே எழுதினார். கத்தியைப் பிடித்திருப்பவன் கண்ணும் நினைவும் கத்திமேல் இருக்க வேண்டும், பேச்சில் கவனம் போனால் மூக்கை வெட்டிவிடுவான், ஜெபமும் அப்படி என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொன்னார். அதே கைநூலில், பூமியிலேயே மிகப் பெரிய இரத்தசாட்சி கர்த்தருடைய ஜெபம்தான், எல்லோரும் அதைப் போட்டு வதைக்கிறார்கள் என்றும் வருந்தினார். அவ்வளவு பேர் கவனமில்லாமல் சொல்கிறார்கள் என்று தெரிந்தும், அந்த ஜெபத்தைத்தான் பீட்டருக்கும் கற்றுக்கொடுத்தார். மனம் எங்கே போனது என்று தெரிந்ததும் திரும்பி வாருங்கள். வீட்டுக் கடன் நினைவுக்கு வருகிறதா, அதையே “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை” என்ற வரியில் வையுங்கள். அந்த வரி அதற்காகத்தானே இருக்கிறது?

கண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. முன்பு வந்த கண்ணீரை நான் குறைசொல்ல மாட்டேன், அது கொடை. ஆனால் அதை அளவுகோலாக வைத்தது உங்கள் தவறு. ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி அவிலாவின் தெரேசா (1515–1582) ஜெபத்தைப் பற்றி எழுதியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர். சில வருடங்கள், ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே காத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஜெப அறைக்குள் நுழைவதற்கே தன் தைரியமெல்லாம் தேவைப்பட்டது என்கிறார். ஆனாலும் நுழைந்தார். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை இன்று ஒருமுறை வாசியுங்கள். கடைசிவரை வெளிச்சம் இல்லாமல், இருளிலேயே முடிகிற ஜெபம் அது. அதையும் வேதாகமத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாந்தரமும் “அந்த வார்த்தைகளையே” சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அவருக்கே புது வார்த்தை தேவைப்படவில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். இந்த வறட்சி ஜெபத்தில் மட்டும்தானா, இல்லை எல்லாவற்றிலுமா? தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறீர்களா? குழந்தைகளோடு சிரிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் தயங்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் உபதேசம் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான். எலியா தின்று குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடக் கொடுத்தான். பயணம் அதற்குப் பிறகுதான்.

சரி, இன்று இரவு ஒரு கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். கர்த்தருடைய ஜெபத்தை ஒரே ஒரு முறை, மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்த வரியை உங்களால் மனதாரச் சொல்ல முடியவில்லையோ அங்கே நின்றுகொள்ளுங்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். மறுநாளும் போங்கள். உங்கள் மனைவியும் கூட உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. நீங்கள் நிற்கிற இடத்தில் அவர் சொல்வார்.

எனக்கும் ஒரு வரி இருக்கிறது. என் கணவர் இறந்த பிறகு “உம்முடைய சித்தம்” என்ற இடத்தில் என் குரல் போய்விட்டது. இரண்டு வருடம் ஆகிறது. தினமும் அங்கே வரை போய் நிற்கிறேன். சில நாள் முதல் வார்த்தை வருகிறது.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். கண்ணீர் வந்ததா என்று எழுத வேண்டாம். எந்த வரியில் நின்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்.