கூடினால் மங்குமா, கூடினால் ஒளிருமா?

கேள்வி: ஐயா, மொகோக் ரத்தினக் கற்களைப் பார்க்க அப்பா வைத்திருக்கும் யூவி (புற ஊதா) டார்ச்சை எடுத்து, ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள்தூள்மேல் அடித்தேன். பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. உலர்ந்த தூளில் அந்தப் பளிச்சு இல்லை. ஒளிரும் மூலக்கூறுகள் நெருங்கினால் ஒளி மங்கும் என்று கல்லூரியில் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். ஆனால் சிங்கப்பூரில் படிக்கும் அண்ணன், திரண்டால் கூடுதலாக ஒளிரும் பாலிமர்கள், அதாவது சங்கிலிபோல நீண்ட மூலக்கூறுகள், இருக்கின்றன என்கிறார். யார் சொல்வது சரி?
— கல்லூரி மாணவி, மோல்மேன்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி, மகளே. மூலக்கூறின் வடிவத்தைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. யாங்கூனில் டியூஷன் எடுத்த காலத்தில் நானும் பல வருடம் முதல் பாதியை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். மீதியை இப்போது உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

உன் ஆசிரியர் சொன்னதைப் பைரீன் என்ற பொருளில் 1954இலேயே ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் காட்டிவிட்டார்கள். பைரீன் தட்டையான மூலக்கூறு. தட்டையானவை காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்ளும். ஒன்று வாங்கிய ஆற்றல் பக்கத்திலிருப்பதற்குத் தாவி, எங்கோ ஓர் ஓரத்தில் வெப்பமாகக் கரைந்துபோகும். ஒளிரும் பாலிமர்கள் பலவற்றுக்கும் இதே தொல்லைதான். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீளச் சங்கிலிகள் அவை. அப்படிப்பட்ட ஒரு பாலிமரில் மின்சாரம் செலுத்தி ஒளிரவைத்தது கேம்பிரிட்ஜில், 1990இல். கரைசலில் நன்றாக ஒளிர்பவை படலமாகத் தடவியதும் சோர்ந்துபோவது அந்தத் துறைக்கே பெரிய தலைவலியாக இருந்தது.

அப்புறம் 2001. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென் ஜோங் டாங் என்பவரின் குழு சைலோல் என்ற பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டில் வைத்த சொட்டு ஈரமாக இருந்தவரை ஒளிரவில்லை, காய்ந்ததும் ஒளிர்ந்தது. எதிர்பார்ப்புக்கு நேர் தலைகீழ்! இதைத் தவறு என்று துடைத்துப் போடாமல் நின்று பார்த்தார்களே, அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

காரணம் இதுதான். அந்த மூலக்கூறில் ஐந்து பென்சீன் வளையங்கள் காற்றாடி இதழ்கள்போல முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. கரைசலில் அவை தாராளமாக ஆடிச் சுழலும். வாங்கிய ஆற்றல் எல்லாம் அந்த ஆட்டத்திலேயே தீர்ந்துவிடும். திரண்டு நெருக்கினால், பீலிக்கான் திருவிழாக் கூட்டத்தில் கையை வீச முடியாதே, அதுபோல வளையங்கள் ஆட முடியாது. ஆற்றலுக்கு ஒளியாக வெளியேறுவது ஒன்றே நல்ல வழி. முறுக்கிய வடிவமாக இருப்பதால் காசுபோல அடுக்கிக்கொள்ளவும் முடியாது. ஆக, பைரீனுக்கு வந்த கேடு இதற்கு வருவதில்லை.

இப்போது உன் அண்ணன் சொன்ன பாலிமருக்கு வருவோம். இப்படிப்பட்ட காற்றாடிகளை ஒரு சங்கிலியில் கோத்தால், சங்கிலியே அவற்றைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். எனவே கரைசலிலும் ஓரளவு ஒளிரும், திரண்டால் மேலும் கூடும். தனி மூலக்கூறு கரைசலில் ஏறக்குறைய இருட்டு. வித்தியாசம் அதுதான். சோதிப்பது எளிது. டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் கரைத்துவிட்டு, சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்ப்பார்கள். பாலிமருக்குத் தண்ணீர் பிடிக்காது, எனவே நுண்துகள்களாகத் திரளும். தண்ணீர் 90 சதவீதத்தை நெருங்கும்போது புட்டி டார்ச் வெளிச்சத்தில் ஜொலிக்கும். அண்ணனிடம் கேட்டு அந்த வரிசைப் புட்டிகளின் படம் ஒன்று வாங்கிப் பார், மனதில் நின்றுவிடும்.

கைபேசித் திரையில் இது இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பாய். அங்கே பெரும்பாலும் சிறு மூலக்கூறுகள்தான்.

எனக்கு இதில் அக்கறை வேறு காரணத்தால்: வெடிமருந்தைக் கண்டுபிடிக்க இது உதவும். சங்கிலியில் ஆற்றல் ஓடக்கூடியது என்பதால், வெடிமருந்தின் ஒரே ஒரு மூலக்கூறு ஓரிடத்தில் ஒட்டினாலும் சங்கிலியில் நீண்ட தூரத்துக்கு ஒளி அணைந்துவிடும். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் திமதி ஸ்வேகர், சங்கிலிகள் ஒட்டிக்கொள்ளாதபடி பருமனான கிளைகள் வைத்த பாலிமரால் டிஎன்டி என்ற வெடிமருந்தின் ஆவியையே கண்டுபிடித்துக் காட்டினார். திரண்டு ஒளிரும் பாலிமர்களின் துகள்களும் பிக்ரிக் அமிலம் போன்ற வெடிபொருளைத் தொட்டால் மங்குகின்றன. 2023இல் உலகிலேயே கண்ணிவெடிகளால் அதிகம் பேர் பாதிக்கப்பட்ட நாடு நம் மியான்மர். நீ எம்எஸ்ஸி படிக்கப்போனால், இந்தப் பக்கம் வா என்று கேட்டுக்கொள்கிறேன்.

டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதே. ஸ்பிரிட் பக்கத்தில் நெருப்பும் வேண்டாம்.