அண்ணாச்சி, மகன் வீணாக உட்கார்ந்திருக்கவில்லை

அண்ணாச்சி, பிசிஏ மூன்றாம் வருடம் படிக்கிற மகன் ராத்திரி பதினோரு மணி வரை கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான், உருப்படியாக ஏதாவது படிக்கிறானா என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சி வந்தபோது அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படிக்கிறான்.

உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடும் வீட்டு டெஸ்க்டாப்பில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரைப் போட்டிருக்கிறான். தகவல்களைச் சேமித்து வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற மென்பொருள் அது. இலவசம்தான். இணைக்கப் பார்த்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு', அதாவது இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தது. அவன் பாஸ்வேர்டில் கை வைக்கவே இல்லை. சர்வர் ஓடுகிறதா என்று முதலில் பார்த்தான், ஓடவில்லை. ஓட்டிவிட்டான். அடுத்து 'பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு', அதாவது பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை என்று வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பூட்டிக் கிடக்கிற வீட்டைத் தட்டுவதும், உள்ளேயிருந்து 'யாரு?' என்று குரல் வருவதும் ஒன்றா அண்ணாச்சி? இந்தப் பிழை வந்தாலே 5432 போர்ட்டில் (சர்வர் அழைப்பைக் கேட்கும் வாசல் எண் மாதிரி) சர்வர் பதில் சொல்கிறது என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேலைக்கு எடுப்பவர்கள் தேடுவது இந்தத் தெளிவைத்தான்.

அப்புறம் தங்கச்சியின் லேப்டாப்பிலிருந்து அதே வைஃபையில் முயன்றான். வரவில்லை. இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறான். உபுண்டுவில் போட்டவுடன் அந்தச் சர்வர் தன் கம்ப்யூட்டரிலிருந்து வரும் அழைப்பை மட்டும்தான் கேட்கும். அந்த அமைப்பை மாற்றி, சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினாலும் போதாது. எந்த முகவரியிலிருந்து யார் வரலாம் என்பதை இன்னொரு கோப்பில் எழுத வேண்டும். நான் விடையைச் சொல்லவில்லை. இரண்டு நாள் தேடட்டும், மனதில் நிற்கும்.

சென்னையில் நாற்பதாயிரம் கட்டி கோர்ஸ் சேர்ப்பது இப்போதைக்கு வேண்டாம். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன பிழை வந்தது, எதைப் பார்த்தான், எதனால் சரியானது என்று அவன் கைப்பட எழுதட்டும். அடுத்து டேட்டாபேஸை பேக்கப் (பாதுகாப்பு நகல்) எடுத்து, அந்த லேப்டாப்பில் திரும்ப ஏற்றிப் பார்க்கட்டும். எடுத்த பேக்கப் வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் இருப்பது பெரிய ஆபத்து.

வேலை என்றாலே சென்னை, பெங்களூரு என்று பயப்படவும் வேண்டாம். தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலேயே ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. முயற்சி செய்யத் தகுந்த பையன் என்று உறுதியாகச் சொல்வேன்.

பதினோரு மணிக்கு மேல் விழித்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதக் கடைசியில் நோட்டோடு பாளையங்கோட்டைக்கு அனுப்பிவையுங்கள், நான் பார்க்கிறேன்.