ஆய்வாளர் கேட்கிறார்: அடைப்புக்குறியை எங்கே போடுவது?

கேள்வி: என் ஆய்வுக்கட்டுரையில் ஒரு பத்தி முழுவதும் ஒரே நூலிலிருந்து எடுத்த கருத்துகள். பத்தியின் முடிவில் ஒருமுறை ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டால் போதாதா? வரிக்கு வரி போட்டால் படிக்கவே முடியவில்லை.

பதில்: போதாது. ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளைச் செம்மைப்படுத்துவதுதான் என் வேலை. கடைசி வரியில் மட்டும் அடைப்புக்குறி உள்ள பத்தியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. அந்தக் குறி எட்டாவதற்கு மட்டுமா, எட்டுக்கும் சேர்த்தா? அந்த நூலாசிரியர் சொன்னது உங்கள் கணக்கில் ஏறினால் திருட்டு என்பார்கள். நடுவில் நீங்களே யோசித்துச் சேர்த்த வாக்கியம் அவர் கணக்கில் ஏறினால் அதுவும் அநியாயம்தான், அவர் சொல்லாததற்கு அவரைப் பொறுப்பாக்குகிறீர்கள்.

அதற்காக வரிக்கு வரி போட வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே ஆசிரியரைக் கொண்டுவந்துவிடுங்கள். ‘மார்க் (1881) கூறுவது இது’ என்று தொடங்கினால், அப்புறம் ‘அவர் மேலும் காட்டுவது’, ‘அவர் பார்வையில்’ என்றே போகலாம். பேசுவது யார் என்று தெளிவாக இருக்கும்வரை ஏ.பி.ஏ. முறையும் (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த பெயர்-ஆண்டு முறை) திரும்பத் திரும்பப் போடச் சொல்வதில்லை. உங்கள் கருத்து வரும் இடத்தில் ‘ஆனால் என் தரவுகள் வேறு சொல்கின்றன’ என்று வெளிப்படையாக மாறுங்கள். அவர் கருத்தே அடுத்த பத்திக்கும் நீண்டால், அங்கே மறுபடி ஒருமுறை குறிப்பிட வேண்டும்.

மார்க் பெயரைச் சும்மா எடுக்கவில்லை. ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தையின் முட்டை பற்றி 1881இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பெயர்-ஆண்டு வழக்கம் தொடங்கியது என்பார்கள்.

நூலாசிரியரின் சொற்களையே அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் கட்டாயம். ஏ.பி.ஏ. முறையில் 40 சொற்களோ அதற்கு மேலோ போனால் மேற்கோள் குறி இல்லாமல், உள்தள்ளித் தனிப்பத்தியாக அமைக்க வேண்டும்.

கேள்வி: நெறியாளர் எண் போடு என்கிறார், நண்பர்கள் பெயர்-ஆண்டு என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புகிறீர்களோ அதன் விதிதான் முடிவு. பொறியியல் ஆய்வுகளில் புழங்கும் ஐ.இ.இ.இ. முறை சதுர அடைப்புக்குள் எண் கேட்கும். இலக்கிய ஆய்வுகளில் புழங்கும் எம்.எல்.ஏ. முறை ஆண்டைக் கேட்காது, பெயரும் பக்கமும்தான். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: மூலநூல் கிடைக்கவில்லை. இன்னொருவர் எடுத்துக்காட்டியதைத்தான் படித்தேன். மூலத்தையே படித்ததுபோல் குறிப்பிடலாமா?

பதில்: கூடாது. முதலில் மூலத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், ‘இன்னாருடைய கருத்து, இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று இருவரையும் சொல்லுங்கள். கடைசிப் பட்டியலில் நீங்கள் படித்த நூலை மட்டும் சேருங்கள். தவறான பக்க எண் ஒன்று கட்டுரைக்குக் கட்டுரை தாவிப் போவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் மூலத்தைத் திறக்கவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நான்கு ஆசிரியர்கள் இருந்தால் நால்வர் பெயரையும் எழுத வேண்டுமா?

பதில்: ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பின்படி மூவரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தடவையிலேயே ‘முதல் ஆசிரியர் மற்றும் பிறர்’ போதும். ஆறாம் பதிப்பில் ஐந்து பேர் வரை இருந்தால் முதல் தடவை எல்லாரையும் எழுத வேண்டியிருந்தது. உங்கள் துறையில் கொடுத்த வழிகாட்டி எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.