மாலத்தீவுக்கு வேலைக்கு வரும் ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாலத்தீவுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, கிளம்புமுன் அந்த நாட்டைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, முதலில் வேலை உத்தரவில் தீவின் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். அது அட்டோலை, அதாவது பவளத் தீவுக்கூட்டத்தைக் குறிக்கும். 'எஸ். ஹிததூ' பூமத்தியரேகைக்கும் தெற்கே அட்டு அட்டோலில் இருக்கிறது; 'எல். ஹிததூ' லாமு அட்டோலில் இருக்கும் வேறு தீவு. நாடு வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளம். எழுத்தைக் கவனிக்காமல் பயணச்சீட்டு எடுத்தால் பணம் வீண்.

ஏறத்தாழ 1,190 தீவுகளில் மக்கள் வசிப்பது 200-க்கும் குறைவானவற்றில்தான். மொழி திவேஹி, அதன் தானா எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். வார விடுமுறை வெள்ளி, சனி. நம் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் பின்னால்.

அரசியல் வரலாற்றுக்குப் பள்ளி விடுமுறைப் பட்டியலே போதும். ஜூலை 26 சுதந்திர தினம்: 1887 முதல் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தான் ஆட்சி 1965-இல் விடுபட்டது. நவம்பர் 11 குடியரசு தினம், 1968-இலிருந்து. நவம்பர் 3 வெற்றி தினம். இதைத் தமிழர் எவரும் தெரியாமல் போகக் கூடாது. 1988-இல் மாலத்தீவுக்காரரான அப்துல்லா லுத்துஃபி, இலங்கையின் பிளாட் (PLOTE) என்ற தமிழ் ஆயுத இயக்கத்தவரைக் கூலிப்படையாகக் கூட்டிவந்து தலைநகர் மாலேயைப் பிடிக்க முயன்றார். இந்தியப் படை அன்றிரவே ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கி முறியடித்தது. அந்த நாளில் உயிரிழந்தவர்களை நினைப்பார்கள். வகுப்பில் பேச்சு வந்தால் மரியாதையோடு கேளுங்கள், வாதாட வேண்டாம்.

மௌமூன் அப்துல் கையூம் 1978 முதல் 30 ஆண்டு ஆண்டார். 2008-இல் புதிய அரசியல் சாசனம் வந்தது; பல கட்சிகள் போட்டியிட்ட முதல் அதிபர் தேர்தலில் முகமது நஷீத் வென்றார். 2012-இல் அவர் பதவி விலகியதிலிருந்து கட்சிப் பிளவு வீட்டுக்கு வீடு இருக்கிறது. 2023-இல் முகமது முய்சு அதிபரானார். மறு ஆண்டு மே மாதத்துக்குள் இந்திய ராணுவத்தினர் திரும்பிவிட்டனர். அவர்கள் வெளியேற வேண்டும் என்று எழுந்த கோபம் ராணுவத்தைப் பற்றியது, ஆசிரியர் மேல் காட்டப்படுவதில்லை. ஆனாலும் சின்னத் தீவில் யார் பக்கம் என்று சொன்னால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

சாசனப்படி நாட்டின் மதம் இஸ்லாம். முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது. பிற மத வழிபாட்டை வெளிப்படையாக நடத்த முடியாது. மது, பன்றி இறைச்சி, சாமி சிலை எதையும் கொண்டுவராதீர்கள். கையளவு பிள்ளையார்கூடச் சுங்கத்தில் நின்றுவிடும். ரமலானில் பகலில் பொது இடத்தில் சாப்பிடக் கூடாது.

கையெழுத்துப் போடுமுன் சம்பளம் அந்நாட்டு நாணயமான ருஃபியாவிலா டாலரிலா என்று கேட்டுவிடுங்கள். அரசு விலை டாலருக்கு 15.42 ருஃபியாதான், ஆனால் அந்த விலைக்கு வங்கியில் டாலர் எளிதில் கிடைக்காது. வெளியே வாங்கினால் கூடுதல் ருஃபியா போகும். வீட்டுக்கு அனுப்பும் தொகை அந்த அளவு குறையும்.