விண்வெளிப் பனித்தூசு மோதினால் என்ன ஆகும்? நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், குந்தா என்று மாவட்டத்தின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. இளம் விண்மீனைச் சுற்றும் வாயுத் தட்டில் பனித்தூசுகள் ஒன்றோடொன்று மோதும்போது ஒட்டுகின்றனவா, தெறிக்கின்றனவா, உடைகின்றனவா என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. அந்தத் தூசுதான் பிற்பாடு கோளாகிறது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வேற்றுக்கிரகவாசிகள் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அதற்கு நான் ஆள் இல்லை.

எமரால்டு, தேயிலை விவசாயி: விடியற்காலையில் கொழுந்தின்மேல் வெள்ளையாக உறைபனி படிகிறது. விண்வெளியில் இருப்பதும் இதே பனிதானா?

பொருள் ஒன்றுதான் ஐயா, குணம்தான் வேறு. தலைக்குந்தாவில் எவ்வளவு குளிர்ந்தாலும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போகும், அவ்வளவுதான். அதாவது நம் ஊர் உறைபனி எப்போதும் உருகும் நிலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வெப்பநிலையில் பனியின் மேற்பரப்பில் நீர்போன்ற மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. உருகும் நிலையில் உள்ள இரண்டு பனிக்கட்டிகளைத் தொடவைத்தால் அவை ஒன்றாக உறைந்துகொள்வதை மைக்கேல் ஃபாரடே 1850இலேயே காட்டினார். பனியைக் கையில் பிடித்து உருண்டையாக்க முடிவதில் இந்தப் படலத்துக்கும் பங்கு உண்டு.

விண்வெளித் தட்டில் கதை வேறு. அங்கே அழுத்தம் மிகக் குறைவு. நீராவி நேரே பனியாகும், பனி நேரே ஆவியாகும், நடுவில் திரவத்துக்கு இடமே இல்லை. நீர்ப்பனி நிலைத்திருக்கப் பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரிக்கும் மேல் குளிர வேண்டும். நம் சூரியனின் ஆதித்தட்டில் அந்த எல்லை, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல 2.7 மடங்கில் இருந்ததாக வழக்கமாகக் கொள்வார்கள். அதற்குப் பனிக்கோடு என்று பெயர். அதற்கு அப்பால் இருக்கும் பனி, உங்கள் தோட்டத்துப் பனியைப்போல ஈரப்பசை உள்ளதல்ல. காய்ந்து இறுகிய பனி. இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள், கீழே இதுதான் பெரிய தகராறாக வரப்போகிறது.

குன்னூர், இயற்பியல் மாணவி: இவ்வளவு சிறிய துகளுக்கு ஈர்ப்புவிசை ஏது? எது ஒட்டவைக்கிறது?

ஈர்ப்பை மறந்துவிடுங்கள். மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வான் டெர் வால்ஸ் விசையும், பனியில் கூடுதலாக ஹைட்ரஜன் பிணைப்பும்தான் ஒட்டவைக்கின்றன. சிமுலேஷனில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் துகளின் ஆரம் 0.1 மைக்ரோமீட்டர். இரண்டு துகள்கள் தொட்டதும் தொடும் இடம் லேசாக அமுங்கி, சுமார் 12 நானோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டமாகத் தட்டையாகிறது. இதைக் கணக்கிடும் சூத்திரத்தை 1971இல் ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் ஆகிய மூவர் தந்தார்கள். இன்றுவரை எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

அந்தச் சூத்திரத்தில் பனியின் மேற்பரப்பு ஆற்றலை, அதாவது அது எவ்வளவு ஒட்டும் என்பதைக் காட்டும் எண்ணை, சதுர மீட்டருக்கு 0.1 ஜூல் என்று போட்டால், இரண்டு துகள்களைப் பிரித்தெடுக்க ஒரு நியூட்டனில் இரண்டு கோடியில் ஒரு பங்கு விசை வேண்டும். அற்பமாகத் தெரிகிறதா? அந்தத் துகளின் எடையைப் பூமியில் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பிரிக்கும் விசை அந்த எடையைப்போல நூறு கோடி மடங்குக்கும் மேல்.

கூடலூர், ஒன்பதாம் வகுப்பு: ஆலங்கட்டி மழையில் கட்டிகள் தரையில் பட்டுத் தெறிக்கின்றனவே, ஏன் ஒட்டுவதில்லை?

சபாஷ் தம்பி, வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒட்டும் விசை ஆரத்துக்கு ஏற்ப வளர்கிறது. எடையோ ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே ஆரம் பத்து மடங்கானால் ஒட்டுவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம் நூறில் ஒன்றாகச் சுருங்கும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள ஆலங்கட்டி, நம் துகளைவிட லட்சம் மடங்கு பெரியது. விகிதம் ஆயிரம் கோடியில் ஒன்றாகிவிடும். மேலே சொன்ன நூறு கோடியை அதனால் வகுத்தால் கிடைப்பது பத்தில் ஒன்று. தன் எடையில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே தாங்கும் பசை இருந்தென்ன, இல்லாமல் என்ன? அதிலும் ஆலங்கட்டியின் மேல் மேடும் பள்ளமுமாக இருப்பதால் உண்மையில் தொடும் பரப்பு இன்னும் குறைவு.

கோத்தகிரி, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளர்: உள்ளே நிரல் எப்படி ஓடுகிறது? சாதாரண லேப்டாப்பில் முடியுமா?

அடிப்படை எளிது. ஒவ்வொரு துகளுக்கும் இருப்பிடம், வேகம், சுழற்சி ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அதைத் தொடும் துகள்கள் தரும் விசைகளைக் கூட்டி, நியூட்டன் விதிப்படி ஒரு அடி முன்னே நகர்த்த வேண்டும். எல்லாத் துகளையும் எல்லாத் துகளோடும் ஒப்பிட்டால் கணினி திணறும். வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்துப் பக்கத்துக் கட்டங்களில் மட்டும் தேட வேண்டும். இதுவரை உங்களுக்குப் பழகிய வேலைதான்.

சிரமம் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, கால அடி, அதாவது ஒவ்வொரு முறையும் முன்னே நகர்த்தும் நேரத் துணுக்கு. ஒட்டிய இரு துகள்கள் அதிரும் கால அளவு நொடியில் ஆயிரம் கோடியில் சில பங்கு. அதை ஒழுங்காகப் பின்தொடர, கால அடி அதில் முப்பதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. துகள்கள் ஒட்டிக் கோத்த, 10 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு திரள் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் தன் நீளத்தைக் கடக்க ஏறத்தாழ 20,000 அடிகள். வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம். மெதுவான மோதலுக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்; புதிதாக வருகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

இரண்டாவது, ஞாபகம். துகள்கள் தொட்டால்தான் ஒட்டு பிறக்கிறது. ஆனால் பிரிக்கும்போது, தொடும் தூரத்தையும் தாண்டிச் சிறிது இழுபட்ட பிறகே அறுகிறது. ஆகவே ஒரே இடைவெளியில் உள்ள இரண்டு ஜோடிகளில் ஒன்று ஒட்டியிருக்கலாம், மற்றது ஒட்டாதிருக்கலாம். எது எது என்று நிரல் குறித்துவைக்க வேண்டும். இதற்கு மேல் சறுக்கல், உருளல், முறுக்கல் என்று மூன்று அசைவுகள். ஒவ்வொன்றும் தொடக்க நிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்ற கணக்கும் கூடவே வர வேண்டும். நெருங்கி விலகுவதோடு சேர்த்து இந்த நான்கு அசைவுகளையும் தூசுத் திரளுக்குப் பொருத்தி 1997இல் டொமினிக், டீலன்ஸ் இருவரும் எழுதியதே எங்கள் துறைக்கு அடித்தளம்.

லேப்டாப்பில் தாராளமாகச் சில ஆயிரம் துகள்கள் ஓடும். சொந்தமாக எழுத வேண்டாமென்றால் லாம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் இந்த ஒட்டு மாதிரி ஏற்கெனவே இருக்கிறது.

அதே பொறியாளர்: நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் மோதினால் தூள்தூளாகிவிடாதா?

ஆகாது என்பதுதான் ஆச்சரியம். தனித்த இரு துகள்கள் நேருக்கு நேர் மோதினால், நொடிக்குச் சில மீட்டர் வேகத்துக்கு மேல் தெறித்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கில் கோத்த திரள் அப்படி நடந்துகொள்வதில்லை. சோலை மரங்களில் தொங்கும் தாடிப்பாசியைக் கையில் கசக்கிய உருண்டையைப்போல அது பெரும்பாலும் வெற்றிடம்; ஒவ்வொரு துகளும் சராசரியாக இரண்டு துகள்களையே தொட்டுக்கொண்டிருக்கும். மோதலின் ஆற்றல் முழுவதும் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதிலும், சங்கிலிகள் மடங்குவதிலும், ஒட்டுகள் அறுந்து மறுபடி ஒட்டுவதிலும் செலவழிந்துபோகிறது. 2009இல் ஜப்பானில் வாடா குழுவினர் செய்த சிமுலேஷனில், 0.1 மைக்ரோமீட்டர் பனித்துகள்களாலான திரள்கள் நொடிக்கு 50 மீட்டர் வரை வளரத்தக்கவை என்று வந்தது. அந்த வேகத்தில் ஒரு துகளின் பங்குக்கு வரும் ஆற்றல், ஒரு ஒட்டை அறுக்கத் தேவையானதைப்போலச் சுமார் 20 மடங்கு. அப்படியும் தாங்குகிறது. அதே கணக்கில் மணல்வகைத் தூசு நொடிக்குச் சில மீட்டரிலேயே சிதறிவிடுகிறது.

உரசிக்கொண்டு போகும் மோதல்களையும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நேர்மோதலை மட்டும் ஓட்டிவிட்டு முடிவு சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

குந்தா, ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்: எல்லாம் சரி. நீங்கள் உள்ளே போடும் எண் சரி என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஐயா, கை வைக்க வேண்டிய இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். என் அபிப்பிராயத்தில் இந்தத் துறையின் முழு வழக்கும் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது: குளிர்ந்த பனியின் மேற்பரப்பு ஆற்றல். நிரல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மோதல் காணொளி எவ்வளவு அழகாக இருந்தாலும், 0.1 போட்டால் ஒரு பிரபஞ்சம், 0.02 போட்டால் வேறொரு பிரபஞ்சம். திரள் தாங்கும் வேகம் மேற்பரப்பு ஆற்றலின் 5/6 அடுக்காக மாறுகிறது. எண் ஐந்தில் ஒன்றானால் வேகம் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகும். 50 என்பது 13 ஆகிவிடும்.

சோதனைகள் என்ன சொல்கின்றன? 2015இல் ஜெர்மனியில் குண்ட்லாக், புளும் இருவரும் மைக்ரோமீட்டர் அளவுப் பனித்துகள்களை மோதவிட்டு, நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வரை ஒட்டுவதைக் கண்டார்கள். மணல்வகைத் தூசைவிடப் பனி பத்து மடங்கு ஒட்டும் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் 2018இல் அதே குண்ட்லாக்கின் குழு, பனித்திரளை இழுத்து உடைக்கும் வலுவை அளந்தபோது, மிகக் குளிர்ந்த பனியின் மேற்பரப்பு ஆற்றல் 0.02தான் என்றது. மணல்வகைத் தூசும் அதே அளவுதான். நான் முதல் கேள்வியில் சொன்ன ஈரப்படலம் குளிரில் மறைந்தால் பிசுபிசுப்பும் மறைகிறது என்று பொருள் கொள்ளலாம். போதாக்குறைக்கு, ஈரம் முற்றிலும் நீங்கிய மணல்வகைத் தூசு நாம் நினைத்ததைவிட நன்றாகவே ஒட்டுகிறது என்று வேறு சோதனைகள் காட்டியிருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பனிதான் அதிகம் ஒட்டும் என்ற பழைய வரிசையே தலைகீழாகலாம்.

உருளலுக்கான எண்ணும் இப்படித்தான். எவ்வளவு தூரம் உருண்டால் ஆற்றல் விரயமாகத் தொடங்கும் என்பதற்குக் கோட்பாடு தந்த மதிப்பு 2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒன்று). சோதனையில் கிடைத்தது முப்பதையொட்டி. ஆகவே யாராவது இந்தச் சிமுலேஷன் படத்தைக் காட்டினால், வாய் பிளப்பதற்கு முன், என்ன மேற்பரப்பு ஆற்றல், என்ன துகள் ஆரம் என்று கேளுங்கள். இரண்டும் சொல்லப்படவில்லை என்றால் அது வெறும் படம்.

உதகை, ஆசிரியை: முத்தோரை ரேடியோ தொலைநோக்கியால் இந்தத் தூசைப் பார்க்க முடியுமா?

முடியாது டீச்சர். 1970இல் அமைத்த அந்தத் தொலைநோக்கி, மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்திக்கொண்ட 530 மீட்டர் நீள அற்புதம். ஆனால் அது கேட்பது சுமார் 92 சென்டிமீட்டர் அலைநீளத்தை. தூசு ஒளிர்வது மில்லிமீட்டர் அலைகளில். அதற்குச் சிலி நாட்டுப் பாலைவனத்தில் உள்ள ஆல்மா தொலைநோக்கி வேண்டும். எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனைச் சுற்றி வளையம் வளையமாகத் தட்டு இருப்பதை அது 2014இல் படமெடுத்தது. அங்கிருந்து வரும் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது அலைகள் எந்தத் திசையில் அதிகம் அதிர்கின்றன என்பதைப் பார்த்தால் துகள்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்று ஒரு கணக்கு சொல்கிறது. பனி அவ்வளவு நன்றாக ஒட்டுமானால் இதற்குள் இன்னும் பெரிதாகியிருக்க வேண்டாமா? 0.02 கட்சிக்காரர்களுக்கு இது நல்ல சாட்சி.

கோத்தகிரி, வங்கி ஊழியர்: ஒட்டாவிட்டால் கோள்கள் எப்படி வந்தன?

ஒட்டினாலும் சிக்கல்தான். ஒரு மீட்டர் அளவு வந்ததும் வாயுவின் எதிர்க்காற்று அதைப் பிடித்து இழுக்க, பூமி இருக்கும் தூரத்திலிருந்து நூறு ஆண்டுகளிலேயே விண்மீனுக்குள் விழுந்துவிடும். இப்போது பலர் ஏற்கும் வழி, 2005இல் யூடின், குட்மன் முன்வைத்தது: கூழாங்கல் அளவு வந்ததும் துகள்கள் வாயுவோடு மல்லுக்கட்டித் தாமே கூட்டம் கூட்டமாகத் திரள்கின்றன, கூட்டம் போதிய அளவு அடர்ந்ததும் ஈர்ப்பு அதை ஒரேயடியாகச் சுருக்கிவிடுகிறது. அப்படியென்றால் மோதி ஒட்டுவது கூழாங்கல் வரை கொண்டுவந்து விட்டால் போதும். கிலோமீட்டர் வரை ஒட்டியாக வேண்டும் என்ற பழைய கட்டாயம் இல்லை.

குன்னூர் மாணவி மறுபடியும்: நான் இதைப் புராஜெக்டாகச் செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

இரண்டே துகளில் தொடங்குங்கள். நேருக்கு நேர் மோதவிட்டு, எந்த வேகத்தில் ஒட்டுவது நின்று தெறிப்பது தொடங்குகிறது என்று பாருங்கள், 0.1 மைக்ரோமீட்டர் பனிக்கு நொடிக்கு 4 மீட்டரை ஒட்டி வர வேண்டும். 40 வந்தால் அலகைத் தவறாக மாற்றியிருக்கிறீர்கள். பிறகு விரயங்களை எல்லாம் நிறுத்திவிட்டு மொத்த உந்தம், கோண உந்தம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சுழற்சியைச் சேர்த்தவுடன் கோண உந்தம் நழுவினால் உருளல் கணக்கில் ஓட்டை இருக்கிறது. அதன்பின் நூறு துகள், பிறகு ஆயிரம். திரளை உருவாக்கும்போது ஒரு துகளாகச் சேர்த்தால் இறுக்கமாக வரும், திரளோடு திரளாகச் சேர்த்தால் பஞ்சாக வரும், இரண்டையும் செய்யுங்கள். மேற்பரப்பு ஆற்றல் 0.1, 0.05, 0.02 மூன்றுக்கும் ஓட்டி, உடையும் வேகத்தை வரைபடமாக்குங்கள். கோடு 5/6 சாய்வில் விழுந்தால் அனுப்பிவையுங்கள், பார்க்கிறேன். விழாவிட்டால் இன்னும் சீக்கிரம் அனுப்புங்கள்.