நீச்சல் குளத்துப் பாசிக்கு மயில்துத்தம் எவ்வளவு போட வேண்டும்?

கைப்பிடிக் கணக்கில் மட்டும் போடாதீர்கள். குளோரின் வெயிலில் குறைந்துவிடும். மயில்துத்தத்தில் உள்ள செம்பு குறையாது; நீர் ஆவியானாலும் அது குளத்திலேயே தங்கும். வாராவாரம் "கொஞ்சம்" போடுகிறவர்களின் குளத்தில்தான் தரை கறுத்து, வெளிர்முடி பச்சையாகிறது.

முதலில் கொள்ளளவு. 8 மீட்டர் நீளம், 4 அகலம், சராசரி ஆழம் 1.4 என்றால் 44,800 லிட்டர். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் செம்பு போதும், அதற்கு 13.4 கிராம் செம்பு வேண்டும். நீலப் படிகமான மயில்துத்தத்தில் செம்பு கால்பங்குதான், ஆகவே 53 கிராம். சோதனைக் கிட்டில் ஏற்கெனவே 0.1 காட்டினால் 35 கிராமே போதும். கடைத் திரவமாக இருந்தால் புட்டியில் உள்ள செம்பு சதவீதத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.6க்குள் வந்த பிறகே போடுங்கள். 7.8ஐத் தாண்டினால் செம்பு கரைந்து நிற்காமல் சுவரில் நீலப்பச்சைக் கறையாகப் படியும். பிளாஸ்டிக் வாளியில் முழுதாகக் கரையுங்கள் (துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் செம்பு வாளியிலேயே ஒட்டிவிடும்). கையுறை, கண்ணாடி அவசியம். பம்ப் ஓடும்போது, நீர் திரும்பி வரும் வாயருகே மெல்ல ஊற்றி, எட்டு மணி நேரம் ஓடவிடுங்கள். அதிக அளவு குளோரின் போடுவதற்கும் இதற்கும் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

ஏற்கெனவே பச்சையான குளத்தைச் செம்பால் மீட்க முயலாதீர்கள். தேய்த்து, குளோரினால் தெளியவைத்துவிட்டு, திரும்ப வராமலிருக்க இதைப் போடுங்கள். கிருமிக்கு வழக்கமான குளோரின் தொடரட்டும். செம்பு போட்ட நீரை மீன் குளத்தில் திறந்துவிடாதீர்கள், மீன் செத்துவிடும்.